மலைநாட்டு ஈரமும் ஒரு மடிக்கணினியும்

மலைநாட்டுக்குச் செல்வோர் இரு வகையினர். குளிரைத் தேடிச் செல்வோர் ஒரு வகை. உறவைத் தேடிச் செல்வோர் மற்றொரு வகை. 2023ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் நான் இரண்டாம் வகையினனாகக் கொழும்புக் கோட்டையிற் புகைவண்டி ஏறினேன். தலவாக்கலைக்கு அருகேயுள்ள தோட்டமொன்றில், தேயிலைத் தொழிற்சாலையிற் பணிபுரியும் என் பழைய நண்பர் பொங்கலுக்கு வருமாறு அழைத்திருந்தார்.

நாவலப்பிட்டியைக் கடந்ததும் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு மலை ஏறத் தொடங்குகிறது. தோட்டத்துச் சரக்கைத் துறைமுகம் கொண்டு சேர்ப்பதற்கென்றே மலையைக் குடைந்து இட்ட பாதை இது. 1885இல் நானு ஓயா வரை எட்டியது. நாலாயிரம் அடிக்கு மேல் உயரத்தில் ஹட்டன் நிலையம். அதற்கு அப்பால் சிங்கமலைச் சுரங்கம். அந்த இருளைக் கடந்து கொட்டகலைப் பக்கம் வெளிப்பட்டால், எதிரே இருப்பது மலையா முகிலா என்று கண் மயங்கும். அத்தனை பனிமூட்டம்!

அந்த ஈரந்தான் தேயிலைக்கு உயிர். ஆனால் அதே ஈரம் ஒரு குடும்பத்தைக் கலங்கவைத்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நண்பரின் மகள் பேராதனைப் பல்கலைக்கழக மாணவி. நான் சென்ற மறுநாள் விடியற்காலையில், பனியில் நனைந்த முச்சக்கர வண்டியொன்றில் அவள் வந்து இறங்கினாள். தோளில் ஒரு பை, பைக்குள் மடிக்கணினி. இறுதி ஆண்டு ஆய்வேட்டைப் பொங்கல் கழிந்ததும் ஒப்படைக்க வேண்டுமாம். அடுப்படியின் கதகதப்பில் அமர்ந்து கணினியைத் திறந்தாள். விசையை அழுத்தினாள். சிறு விளக்கொன்று எரிந்தது. உள்ளே விசிறி சுழலும் ஓசை கேட்டது. திரை மட்டும் கறுத்தே கிடந்தது. பத்து முறை அழுத்தியும் பயனில்லை.

"மாமா, எல்லாம் இதுலதான் இருக்கு" என்றாள். குரல் தழுதழுத்தது.

ஆய்வேடு மட்டுமானால் அவள் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டாள். லயங்களில் வாழும் முதியவர்கள் பலரைச் சந்தித்து, தம் பாட்டன்மார் கடல் கடந்து வந்த வரலாற்றை அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்து, அக்குரல்களை அதிற் பதிந்து வைத்திருந்தாள். அவர்களுள் இருவர் இப்போது இல்லை.

கருவியின் விலையும் சிறிதன்று. 2021இல்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. ஓர் இலட்சம் ரூபாய்க் கணினி என்றால், நூறு நாள் கொழுந்து பறித்த கூலி முழுவதும் அதற்கே என்பதை நேயர்கள் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

செய்தி பரவியதும் லயத்தார் கூடிவிட்டனர். அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கச் சொன்னார் ஒருவர். அடுப்பின் மேல் காட்டச் சொன்னார் மற்றொருவர். நண்பர் கையசைத்து மறுத்தார்.

"பச்சைக் கொழுந்த நேரா அடுப்புல போட்டா தேத்தூளா வரும்? கருகித்தான் போகும்."

தொழில் தந்த அறிவு அது. பறித்த கொழுந்தில் முக்காற் பங்குக்கு மேல் நீர்தான். அதை மெல்லிய காற்றிற் பரப்பி மணிக்கணக்காக வாட்டி, பின்பு உருட்டி, புளிக்கவைத்து, அதன் பிறகே சூட்டில் இடுவார்கள். முடிவில் எஞ்சும் ஈரம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே.

உடனே ஹட்டனுக்குப் பேருந்து ஏறினோம். வழியில் சென் கிளயர் நீர்வீழ்ச்சி தெரிந்தது. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின் திட்டத்துக்கு நீரைக் கொடுத்துவிட்டு இளைத்து நிற்கும் அருவி அது. நீரைக் கொடுத்த அந்த மலைச்சாரலிலும் அந்நாட்களில் தினந்தோறும் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு!

பொங்கற் கரும்பும் சனக்கூட்டமும் நிறைந்த கடைவீதியில், மாடிப்படியின் கீழ் ஒரு சிறிய பழுதுபார்க்கும் கடை. அங்கிருந்த இளைஞரும் தோட்டத்துப் பிள்ளைதான். நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"மூக்குக்கண்ணாடி போட்டவங்க குளிர்ல இருந்து அடுப்படிக்குள்ள போனா, கண்ணாடி மங்கிப் போகும் இல்லீங்களா, சார்? அதேதான் இதுக்குள்ளயும் நடந்திருக்கு. மங்கல் தெளியும் முன்னாலே தங்கச்சி விசையை அழுத்திட்டாங்க."

பின்பு திருகாணிகளைக் கழற்றி, முதலில் மின்கலத்தின் இணைப்பை விடுவித்தார். சார்ஜர் இல்லாமலே விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, உள்ளே தங்கிய மின்சாரத்தைப் போக்கினார். அடுத்து, விரல் நீளமுள்ள ஒரு தகட்டைக் கழற்றி எடுத்தார்.

"முதல்ல சரக்கைக் காப்பாத்துவோம். பெட்டியைப் பிறகு பார்ப்போம்."

எழுதியவையும் பதிந்தவையும் தங்கியிருப்பது அந்தத் தகட்டில்தான். அதைத் தம் கணினியோடு இணைத்ததும் கோப்புகள் வரிசையாகத் தோன்றின. ஒன்றைத் திறந்தார். மறைந்துபோன ஒரு மூதாட்டியின் குரல் அச்சிறு கடையில் ஒலித்தது. மாணவி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இம்முறை அது ஆறுதலின் அழுகை. எல்லாவற்றுக்கும் உடனே ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தார் அந்த இளைஞர்.

பிறகே நோயின் மூலத்தைத் தேடினார். நினைவகத் தகட்டின் பொன்னிறப் பற்களில் மெல்லிய மாசு படிந்திருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பரால் அதை மெதுவாகத் தேய்த்து, தூரிகையால் துடைத்தார். பொருத்தப் போகும் வேளையில் மின்வெட்டு வந்தது! எங்களுக்கு ஏமாற்றம், அவருக்கோ மகிழ்ச்சி.

"நல்லதாப் போச்சு. அவசரப்படாம காயட்டும்" என்றார்.

கணினி திறந்தபடி காற்றில் உலர்ந்தது. நாங்கள் எதிர்க்கடையில் இரண்டு முறை தேநீர் அருந்தினோம். மின்சாரம் மீண்டதும் யாவற்றையும் பொருத்தி விசையை அழுத்தினார். திரை ஒளிர்ந்தது. நண்பர் தம்மையறியாமற் கைகூப்பினார்.

மாணவ நேயர்கள் இதிலிருந்து நினைவிற் கொள்ளத்தக்கவை சில உண்டு. குளிரிலிருந்து வந்த கருவியை உடனே இயக்கலாகாது. பையிலேயே ஒரு மணி நேரமாவது இருந்து அறையின் வெப்பத்துக்குப் பழகட்டும். ஈரம் பட்டதென்று தெரிந்தால் சார்ஜரை அகற்றிவிட வேண்டும். மீண்டும் மீண்டும் விசையை அழுத்துவது தீமையே. அரிசித் தூசு உள்ளே புகுந்து இன்னும் கெடுக்கும். அடுப்பின் சூடு மின்கலத்துக்கு ஆபத்து. எல்லாவற்றுக்கும் மேலாக, அரிய பொருளை ஒரே பெட்டியில் மட்டும் வைத்திருக்கலாகாது.

மறுநாள் லயத்து வாசலிற் பொங்கல் பொங்கியது. உள்ளே, அடுப்படிக்கு எட்டவே ஒரு மேசையில் மாணவி தட்டெழுதிக் கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர் தயங்கித் தயங்கி அவளருகே வந்தார்.

"ஏம்மா, எங்க அப்பாயி சொன்ன கதை ஒண்ணு எனக்கும் ஞாபகம் இருக்கு. அந்தப் பெட்டியில எடம் இருக்கா?"

அவள் எழுந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.