எல்லா ஆட்டமும் வெளியூர் ஆட்டம்

கால்பந்து உலகம் ஆட்டங்களை இரண்டாகப் பிரிக்கிறது: சொந்தத் திடலில் ஆடுவது, எதிரணியின் ஊருக்குப் போய் ஆடுவது. முதலாவதைத் தமிழ் நாளிதழ்கள் 'சொந்த மண்' என்று எழுதுகின்றன. தெலுங்கு நாளிதழ்கள் 'சொந்த கட்ட' என்கின்றன. 'கட்ட' என்றால் நிலம். இரண்டாவதை இரு மொழி இளைஞர்களும் 'அவே மேட்ச்' என்றே சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பிரிவினை ஓர் ஊரில் மட்டும் சற்றுக் குழம்பிப்போகிறது. சித்தூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 150 கிலோமீட்டர். பெங்களூரு ஏறக்குறைய 180. இரு பெருநகரங்களுக்கும் நடுவில் கிடக்கும் அந்த ஊர், இரண்டுக்கும் வழியில் இருக்கும் ஊராகவே அறியப்பட்டிருக்கிறது. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சென்னைக்கு ஓர் அணி கிடைத்தது. 2017இல் பெங்களூரு அணியும் அதில் சேர்ந்தது. ஆந்திரப் பிரதேசத்துக்கென்று அந்த லீக்கில் அணி எதுவும் இல்லை. ஆகவே சித்தூர்க்காரர் ஒருவர் எந்த அணியைத் தேர்ந்தாலும், அவருக்கு எல்லா ஆட்டமும் வெளியூர் ஆட்டம்தான்.

அப்படித் தேர்ந்துகொண்ட ஒருவர் சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் கணக்கெழுதுகிறார். 2018இல் அவருக்கு வயது நாற்பத்தைந்து. அந்த வட்டாரத்து ஆலைகளுக்குப் பெரும்பாலும் வருவது தோதாபுரி மாங்காய். தமிழ்நாட்டுச் சந்தையில் அதே காய்க்குக் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் பெயர். சித்தூர் மண்ணில் விளைந்து பெங்களூரின் பெயரைச் சுமந்து சென்னைத் தெருக்களில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி விற்கப்படும் அந்தக் காயைப் பற்றி அவர் அடிக்கடி சொல்லிச் சிரிப்பதுண்டு. அவருடைய அக்காள் திருப்பதியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். அக்காள் மகன் அப்போது திருப்பதியில் கல்லூரி மாணவன். அம்மாவிடமும் மாமாவிடமும் தமிழ் பேசுவான்; தெலுங்கும் ஆங்கிலமும் படித்தவன். தமிழ் எழுத்து அவனுக்குத் தெரியாது.

மாமனும் மருமகனும் சென்னையின் எஃப்.சி. அணியின் பின்னால் போகத் தொடங்கியது 2015 டிசம்பரில். அந்த மாதம் சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. அணியின் அரையிறுதி ஆட்டமே புனேவுக்கு மாற்றப்பட்டது. சொந்த மண்ணில் ஆட வேண்டியதை வெளியூரில் ஆடி 3-0 என வென்றார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதியாட்டம். ஆட்டம் முடியும் தறுவாயில் 2-1 எனப் பின்தங்கியிருந்த அணி, கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் பெற்று 3-2 என்று கோப்பையை எடுத்தது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்களுக்கு அந்த அணி வெள்ளத்திலிருந்து எழுந்த ஊரின் உருவமாகவே தோன்றியது. சித்தூரில் இருந்தபடி சென்னைக்காகக் கவலைப்பட்ட ஒரு மனிதருக்கு அந்தக் கவலையை வைப்பதற்கு ஓர் இடம் கிடைத்தது.

அந்தக் கவலைக்கு வயது அதிகம். வேங்கடமலையைத் தமிழ்வழக்கின் வடவெல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறித்துவைத்திருக்கிறது. எல்லை என்ற சொல்லுக்கு அங்கே நிலத்தை முடித்துவைக்கும் பொருள் மட்டும் இல்லை; இரண்டு மொழிகள் ஒன்றையொன்று கேட்கத் தொடங்கும் இடம் என்ற பொருளும் உண்டு. 1911இல் சென்னை மாகாணத்துக்குள் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் அதனுடன் சென்றது. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், கிராமத்தை அலகாகக் கொண்டு எல்லையை வகுத்த படாஸ்கரின் பரிந்துரையும் சேர்ந்து 1960இல் திருத்தணியைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தன. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே இருந்தன. கணக்கெழுத்தரின் தந்தை இளமையில் எல்லைக் கூட்டங்களுக்குப் போனவர். முடிவு வந்த பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், அண்டைவீட்டுத் தெலுங்கர்களோடு உறவுமுறை சொல்லி வாழ்ந்து முடித்தார். தோற்ற பின்னரும் அதே தெருவில் மரியாதையோடு வாழலாம் என்பதை மகன் அவரிடம்தான் கற்றார்.

இத்தகைய எல்லையூர்கள் கால்பந்துக்குப் புதியவை அல்ல. இங்கிலாந்தின் வடகோடியில் இருக்கும் பெர்விக் நகரின் ரேஞ்சர்ஸ் அணி, ஊர் இங்கிலாந்தில் இருந்தும் ஸ்காட்லாந்து லீக்கில் ஆடிவந்தது. 1967 ஜனவரியில் கிளாஸ்கோவின் புகழ்பெற்ற ரேஞ்சர்ஸ் அணியையே அது 1-0 என வென்றது. 2019இல் அந்த லீக்கிலிருந்து கீழே இறங்கியது. வட அயர்லாந்தின் டெரி நகர அணி 1985 முதல் எல்லைக்கு அப்பால் அயர்லாந்துக் குடியரசின் லீக்கில் ஆடுகிறது. அந்த ஊர்களுக்காவது ஓர் அணி இருக்கிறது. சித்தூருக்கு இருப்பது பேருந்து நிலையம். அங்கிருந்து எந்த நகரின் அணியையும் போய்ப் பார்த்துவரலாம்.

2018 மார்ச் 17 அன்று சென்னை அணி மறுபடியும் இறுதியாட்டத்துக்கு வந்தது. இடம் பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா அரங்கம், எதிரணி பெங்களூரு. மாமனுக்கு ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம், மருமகனுக்குத் தேர்வு. இருவரும் போகவில்லை. சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே கோல் போட்டார். பிறகு மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. எதிரணியின் ஊரிலேயே 3-2 என வென்று இரண்டாவது கோப்பை. வாழ்நாளில் ஒருமுறை பார்க்க வேண்டியதைத் தவறவிட்டதாக இருவரும் எண்ணிக்கொண்டார்கள். அடுத்த பருவத்தின் அட்டவணை வந்தபோது, சென்னை அணியின் முதல் ஆட்டம் அதே அரங்கில், அதே எதிரணியோடு, செப்டம்பர் 30 ஞாயிற்றுக்கிழமை என்று இருந்தது. மாங்காய்ப் பருவம் முடிந்து ஆலை ஓய்ந்திருந்த காலம். இந்த முறை தடை எதுவும் இல்லை.

திருப்பதியிலிருந்து வந்த பேருந்தில் மருமகன் ஏற்கெனவே இருந்தான். சித்தூரில் மாமா ஏறிக்கொண்டார். மொகிலி மலைப்பாதையில் வண்டி வளைந்து ஏறி, பலமனேர், முல்பாகல், கோலார் என்று ஊர்ப்பலகைகளின் எழுத்து தெலுங்கிலிருந்து கன்னடத்துக்கு மாறியது. இரண்டு எழுத்தும் உடன்பிறந்தவை ஆகையால் அவன் தடையில்லாமல் வாசித்துக்கொண்டே வந்தான். அரங்கில் விருந்தணி ஆதரவாளர்களின் பகுதியில் நுழைந்தபோதுதான் முதல்முறையாகத் தடுமாறினான். முன்வரிசையில் நீளமான துணிப்பதாகை ஒன்று விரிந்திருந்தது. எழுத்து முழுவதும் தமிழ்.

"என்னா மாமா எழுதிருக்கு?"

மாமா வாசித்துச் சொன்னார். சுற்றிலும் எல்லோரும் அதையே முழக்கமிடத் தொடங்கியபோது அவனும் சேர்ந்துகொண்டான். உச்சரிப்பில் குறையில்லை. வாயில் இருக்கும் மொழி கண்ணுக்கு அந்நியமாக இருப்பதை அவர் அன்றுதான் நேரில் பார்த்தார். இருபது ஆண்டுகளாக அவனோடு தமிழ் பேசியவருக்கு, ஒரு நாள் உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தோன்றியதில்லை. வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்த கடைசி ஆள் தாம்தான் என்ற கணக்கு, ஆயிரக்கணக்கானோரின் இரைச்சலுக்கு நடுவில், மிகத் தெளிவாக அவருக்குத் தட்டுப்பட்டது.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கண்டீரவா தடகள அரங்கம். பார்வையாளருக்கும் புல்வெளிக்கும் இடையே ஓடுபாதை கிடக்கிறது. தொலைவில் நடக்கும் தவறுகள் அங்கிருந்து இன்னும் தொலைவில் நடப்பதுபோல் தெரியும். 41ஆவது நிமிடத்தில் பெங்களூரின் வெனிசுவேலா வீரர் மிக்கு கோல் போட்டார். மீதி ஆட்டம் முழுவதும் சென்னை அணியால் அதைச் சமன்செய்ய முடியவில்லை. 1-0. நடப்பு வெற்றியாளர்கள், ஆறே மாதத்துக்கு முன் கோப்பையைத் தூக்கிய அதே புல்லின் மேல், தலைகுனிந்து நின்றார்கள். நீலச்சட்டை போட்ட உள்ளூர்க்காரர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். இவர்களும் நீலச்சட்டைதான். வெளியே தெருவில் யார் வென்றவர், யார் தோற்றவர் என்று முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

மெஜஸ்டிக்கில் நள்ளிரவுப் பேருந்துக்குக் காத்திருந்தபோது மாமா சொன்னார்: "போணியே ஆகலடா."

போணி என்பது அன்றைய முதல் விற்பனை. தமிழ்க் கடைத்தெருவிலும் தெலுங்குக் கடைத்தெருவிலும் அதே சொல். தெலுங்கு விளையாட்டுப் பக்கங்கள் ஒருபடி மேலே போய், தொடரின் முதல் வெற்றியைப் போணி என்றே எழுதும். மருமகன் அந்தப் பொருளில்தான் அதைப் புரிந்துகொண்டான். "போனீலே மாமா" என்றான். அது தெலுங்கு, 'போகட்டும் விடு' என்று ஆறுதல் சொல்லும் சொல். ஒருவர் தமிழில் வருந்த, மற்றவர் தெலுங்கில் தேற்ற, இரண்டு சொல்லுக்கும் இடையே ஒரு மூக்கொலியின் வேறுபாட்டைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. காலையில் சித்தூரில் மாமா இறங்கினார். வண்டி திருப்பதிக்குப் போயிற்று.

அந்தப் பருவத்தில் முதல் வெற்றி நவம்பரில்தான் வந்தது, அதுவும் புனேவில். பதினெட்டு ஆட்டங்களில் இரண்டு வெற்றி, மூன்று சமன், பதின்மூன்று தோல்வி, 9 புள்ளிகள், பத்து அணிகளில் பத்தாவது இடம். அன்றிரவு வென்ற பெங்களூரு அந்தப் பருவத்தின் கோப்பையை எடுத்தது. மாமனும் மருமகனும் அந்த ஆண்டு மூன்று முறை சென்னைக்குப் போனார்கள். ஒவ்வொரு முறையும் பெரியமேட்டில் இறங்கி அரங்கத்துக்கு நடக்கும் வழியில், கடைப்பலகைகளை அவன் வாசிக்க வேண்டும் என்பது மாமா வைத்த விதி. தெலுங்கில் நான்கு எழுத்தாக இருப்பது தமிழில் ஒரே ககரமாக இருப்பது அவனுக்குச் சிக்கனமாகவும் சிக்கலாகவும் பட்டது. "இத எப்படி மாமா கண்டுபிடிக்கிறது, கவா கவ்வா?" என்று ஒலி காட்டிக் கேட்பான். "பேசத் தெரிஞ்சவனுக்குத் தானா வரும்டா" என்பார். தமிழ் நாளிதழில் அவன் தட்டுத்தடுமாறி முழுமையாக வாசித்த முதல் பகுதி புள்ளிப்பட்டியல். மேலிருந்து கீழே வந்தான். தன் அணியின் பெயரைத் தொடும்முன் மற்ற ஒன்பது பெயர்களையும் வாசிக்க வேண்டியிருந்தது.

வெல்லும் அணியைத் தொடர்வதற்குக் காரணம் தேவையில்லை. தோற்கும் அணியைத் தொடர்பவரிடம் எல்லோரும் காரணம் கேட்பார்கள். அக்காள் கேட்டார், ஆலையில் கேட்டார்கள், பேருந்து நடத்துநர்கூடக் கேட்டார். விசுவாசம், பழக்கம், பிடிவாதம் என்று பல பெயர்கள் அதற்கு உண்டு. கணக்கெழுத்தரிடம் இருந்த பதில் எளியது. வாரத்தில் ஆறு நாளும் அவர் தமிழை மெதுவான குரலில், வீட்டுக்குள், தொலைபேசியில் பேசுகிறார். தொண்டை கிழியத் தமிழில் கத்துவதற்கு அவருக்கு உலகில் ஓர் இடம்தான் இருக்கிறது. அந்த இடத்தில் புள்ளிப்பட்டியலுக்கு வேலையில்லை.

2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரம் தன் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி தனி மாவட்டமானது. அக்காள் வீடும் தம்பி வீடும் வேறுவேறு மாவட்டங்களுக்குப் போயின. மருமகன் அதற்குள் ஹைதராபாத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அந்நகரத்துக்கும் 2019 முதல் 2025 வரை ஓர் அணி இருந்தது. நண்பர்கள் அழைத்தும் அவன் அந்தச் சட்டையை வாங்கவில்லை. கச்சிபௌலி அரங்கத்துக்குச் சென்னை அணி ஆட வந்த நாள்களில் விருந்தணிப் பகுதியில் உட்கார்ந்தான்; ஆட்டம் முடிந்ததும் மாமாவுக்குத் தமிழ் எழுத்தில் செய்தி அனுப்புகிறான். தோற்ற இரவுகளில் 'போனி ஆகல மாமா' என்று வரும். றன்னகரமும் டண்ணகரமும் அவனுக்கு இன்னும் கைவரவில்லை. மாமா திருத்துவதில்லை. 'போனீலே' என்று பதில் எழுதுகிறார், அவரும் தமிழ் எழுத்தில்.