எத்தனை மைக்ரான்?

சிவகாசியில் பெட்டித் தகடு வெட்டும் டை செய்யும் பட்டறைக்குப் போய், "பிளாஸ்டிக் பெட்டிக்கு ஒரு டை வேணும்" என்றால் எடுத்த எடுப்பில் விலை சொல்ல மாட்டார்கள். "பிவிசியா, பெட்டா, பிபியா? எத்தனை மைக்ரான்?" என்பார்கள். நான் போன பட்டறையிலும் அதுதான் நடந்தது. பார்க்க மட்டும் வந்தவன் என்று தெரிந்ததும் பட்டறைக்கார அண்ணாச்சி சிரித்துக்கொண்டே ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

மேசையில் 18 மி.மீ. பிளைவுட். அதில் லேசர் வெட்டிய கோட்டுக்குள் எஃகு பிளேடை இறக்கி, மெல்ல அடித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தார். பிளேடின் உயரம் 23.8 மி.மீ., கனம் 0.71 மி.மீ. தொழிலில் இந்தக் கனத்தை 2 பாயிண்ட் என்கிறார்கள். அட்டைப் பெட்டிக்கும் பெரும்பாலும் இதே அளவுதான். வித்தியாசமெல்லாம் நுனியில்.

அட்டையில் பிளேடு கொஞ்சம் இறங்கினாலே மீதி பிளந்துகொள்ளும். பிளாஸ்டிக் அப்படி விட்டுக்கொடுக்காது, அடிவரை வெட்டியாக வேண்டும். அதனால் அட்டைக்கு 50 டிகிரிக்கு மேல் இருக்கும் நுனிக் கோணம், பிளாஸ்டிக்குக்கு 42 டிகிரி அளவுக்குக் குறைகிறது. தகடு கனமாக இருந்தால் இன்னொரு சிக்கல்: இருபக்கச் சரிவுள்ள பிளேடு வெட்டின ஓரத்தையும் சாய்த்துவிடும். அதற்கு ஒருபக்கச் சரிவு பிளேடு. நேரான பக்கம் பொருளைப் பார்த்தும், சரிவு கழிவைப் பார்த்தும் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் மொத்த டையும் வீண்.

"அப்போ ரொம்பக் கூரா, ரொம்பக் கடினமா போட்டுட்டா முடிஞ்சதுல்ல அண்ணாச்சி?"

பதில் சொல்லாமல் கடினமான பிளேடில் ஒரு துண்டை வளைப்பானில் வைத்து இறுக்கினார். சின்ன வளைவு. வெளிப்பக்கம் மயிரிழை மாதிரி விரிசல். நுனி கடினமாகவும் உடம்பு வளையும்படியும் இருக்கிற பிளேடைத்தான் மூலைகள் நிறைந்த டைக்கு எடுக்கிறார். கூர் கூடினால் நுனி சீக்கிரம் மடங்கும் என்பது வேறு.

மடங்கியதையும் காட்டினார். திரும்பி வந்திருந்த பழைய டை அது. வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. லென்ஸில் பார்த்தால் நுனி தட்டையாகிப் பளபளத்தது. அந்த டையில் வெட்டின பிபி தகட்டின் ஓரமெல்லாம் வெள்ளை நூல். தொட்டதும் சட்டைக்கையில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் போகவில்லை.

"பிளேடு சரியில்லைன்னு அனுப்பியிருக்காங்க. ஒரு மூலை வெட்டலைன்னா அந்த இடத்துல மட்டும் அடியில டேப் ஒட்டி ஏத்தணும். இவங்க மொத்தமா பிரஷரை ஏத்திட்டாங்க."

பிளேடின் மேல் வரும் பழியில் பாதி மெஷினைச் சேர வேண்டியது என்றே எனக்குப் பட்டது. ஆனாலும் அவர் சண்டைக்குப் போகவில்லை. பழைய பிளேடைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதியதை இறக்கினார். வெட்டின தகட்டை வெளியே தள்ள இருபுறமும் ரப்பர் ஒட்டினார். பிறகு மார்க்கரை எடுத்துப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'பிபி 500 மைக்ரான். அட்டை ஓட்டக் கூடாது.'

அட்டையின் மேல்பூச்சில் இருக்கும் களிமண் இந்த மெல்லிய நுனியை அரைத்துவிடுமாம்.

"படிப்பாங்களா அண்ணாச்சி?"

"பாதிப் பேரு."