ஊர் முற்றம்

"பொது" என்னும் சொல்லுக்கு நம்மவர் இரண்டு பொருள் கொள்வதைக் கண்டிருக்கிறேன். ஒன்றை அனுபவிக்கும்போது அது எல்லாருக்கும் உரியது. அதைப் பேணவேண்டிய வேளை வந்தாலோ அது யாருக்கும் உரியதன்று. வீட்டு முற்றத்தை நாள்தோறும் கூட்டித் தண்ணீர் தெளிக்கும் அதே கைகள், கூட்டிய குப்பையைப் பையிற் கட்டி, இருட்டியபின் கால்வாய் ஓரத்தில் வைத்துவிட்டு வருகின்றன. வீடு தூய்மையாயிற்று; வெளியைப் பற்றி யாருக்குக் கவலை?

முகத்துவாரத்தில் வாழும் எங்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காயன்று. களனி கங்கை கடலோடு கலக்கும் இடமாதலால் எங்கள் ஊருக்கு இப்பெயர் வாய்த்தது. மலைநாட்டிலே பிறந்து 145 கிலோமீற்றர் ஓடிவரும் அந்த ஆறு, வழியிலுள்ளோர் கைவிட்டவற்றையெல்லாம் சுமந்துவந்து எங்கள் வாசலில் இறக்கி வைக்கிறது. வெள்ளம் வடிந்த மறுநாட் காலையில் கரையோரம் நடந்து பாருங்கள். அறுந்த செருப்பு, மருந்துப் போத்தல், பால்மாப் பை, பொம்மையின் கை என்று ஊர் பேர் தெரியாத பல குடும்பங்களின் வாழ்க்கைச் சரித்திரமே அங்கு சிதறிக் கிடக்கும்.

ஆறு கொண்டுவருவது போதாதென்று நகரமும் தன் பங்கை அளித்தது. எங்கள் அயலிலுள்ள புளூமெண்டால் மேடு கொழும்பின் கழிவைப் பல்லாண்டு தாங்கி நின்றது. 2009-ஆம் ஆண்டில் நீதிமன்றத்தின் தலையீட்டால் அங்கு கொட்டுவது நின்றபோது எங்கள் பகுதியார் சற்றே மூச்சு விட்டனர். ஆனால் குப்பை மறைந்துவிடவில்லை. மீதொட்டமுல்லைக்கு இடம் மாறிற்று. 2017 ஏப்ரல் 14-ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளன்று, அந்த மலை சரிந்து வீடுகளை மூடியது. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எறிந்தவர்கள் நகரெங்கும் இருந்தார்கள். இறந்தவர்களோ அந்த ஓரிடத்து ஏழைகள்.

சென்ற ஆண்டு என் மாணவர் சிலர் முறைப்படி அனுமதிப் பத்திரம் பெற்றுக் கடற்கரைத் திடலொன்றில் ஒன்றுகூடல் நடத்தினர். நானும் சென்றிருந்தேன். பாட்டும் விளையாட்டும் முடிந்து, சாப்பாட்டுப் பார்சல்களும் தீர்ந்து, புறப்படும் வேளையிலே, "தம்பிமாரே, இங்கே கிடப்பதையெல்லாம் யார் எடுப்பது?" என்று கேட்டேன்.

"கட்டணம் கட்டித்தானே சேர் வந்தோம்? கூட்டுவதற்கு ஆட்கள் இருப்பார்கள்," என்றான் ஒரு மாணவன்.

அவன் நல்ல பிள்ளை. நம் வீடுகளிலும் விழாக்களிலும் கண்டு பழகியதையே சொன்னான். "நூலகத்திலே புத்தகம் எடுப்பதற்கும் நீ சந்தா கட்டுகிறாய். அதற்காகத் தாள்களைக் கிழித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாயா? அனுமதிப் பத்திரம் விலைச்சீட்டு அன்று, இரவற் சீட்டு," என்றேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே குனிந்தார்கள். மூன்று சாக்குகள் நிறைந்தன. சாக்கின் வாயைக் கட்டியபடியே அவன் மீண்டும் கேட்டான்: "நாங்கள் பொறுக்கிவிட்டோம் சேர். இரவிலே லொறியில் கொண்டுவந்து கட்டட இடிபாட்டைக் கொட்டுகிறவனை யார் கேட்பது?"

இக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. சட்டங்களுக்கு நம் நாட்டிற் குறைவில்லை. 1947-ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், 1980-ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டம், 1981-ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டம் என அடுக்கிக்கொண்டே போகலாம். சட்டத்துக்குக் கண்ணும் காலும் வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

உலகின் அதி உயர்ந்த சிகரத்திலேயே இதற்குச் சான்று உண்டு. எவரெஸ்ட் ஏறுவோர் ஒவ்வொருவரும் குறைந்தது 8 கிலோகிராம் குப்பையைக் கீழே கொண்டுவர வேண்டுமென்றும், இல்லையேல் 4,000 டொலர் வைப்புப் பணத்தை இழக்க நேருமென்றும் நேபாள அரசு 2014-இல் விதித்தது. நல்ல விதிதான். ஏறியவர்களோ எளிதில் எடுக்கக்கூடிய கீழ் முகாம்களின் குப்பையைக் கொண்டுவந்து எடையைக் காட்டினர். காவலில்லாத மேல் முகாம்களின் குப்பை அங்கேயே தங்கிவிட்டது.

இதற்கு மாறாக, நமது ஹோர்ட்டன் சமவெளிக்குச் சென்றோர் அறிவார்கள். நுழைவாயிலிலேயே பைகளைத் திறந்து பார்த்துப் பொலித்தீன் உறைகளை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அமைச்சரின் உறவினர், அடுத்த வீட்டுக்காரர் என்ற பேதம் பாராது பையைத் திறக்கும்வரை அவ்விதி உயிரோடிருக்கும். களனிக்கு நீரூட்டும் மலைகளில் அதுவும் ஒன்று. தலைமாட்டில் காக்கப்படும் அதே ஆறு, கால்மாட்டிலே எங்கள் ஊரில் அநாதையாகக் கிடக்கலாமா?

கச்சான் விற்கும் முதியவளிடம் தண்டப் பணம் அறவிடுவது எளிது. இலக்கத் தகட்டை மறைத்து வரும் லொறியை மறிப்பது கடினம். எளியதை மட்டும் செய்யும் சட்டத்தை மக்கள் மதிப்பதில்லை. மதியாத சட்டத்துக்கு அவர்கள் துணை நிற்பதுமில்லை. கொட்டுகிறவன் யாரென்று அயலார் பலருக்குத் தெரியும். சொன்னால் நமக்கேன் வம்பு என்றிருப்பதற்குக் காரணம், சொல்லியும் பயனில்லை என்னும் அனுபவமே.

திருநாவுக்கரசு சுவாமிகளின் திருவுருவத்தைக் கோயில்களிற் காண்கிறோம். கையிலே உழவாரம். கோயில் வீதியிற் புல்லும் முள்ளும் செதுக்கக் கூசாத அதே பெருமான்தான் பல்லவ மன்னனின் ஆணைக்கும் அஞ்சாது நின்றார். பணிவும் துணிவும் அவரிடம் ஒருங்கே இருந்தன. நாம் அவருக்கு மாலை சாத்துகிறோம். உழவாரத்தை அவர் கையிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை அனுமதிப் பத்திரத்தில் ஒப்பமிடும்போது இரண்டு சாக்குகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரவில் வரும் லொறியைக் கண்டால் நேரத்தையும் இலக்கத்தையும் குறித்து, நாலு பேராகச் சேர்ந்து ஒப்பமிட்டு மாநகர சபைக்கு அனுப்புங்கள். ஒரு கடிதத்துக்கு விடை வராவிட்டால் இரண்டாவதை எழுதுங்கள்.