'காலனி, ஸ்ரீரங்கம்'

அவசர சிகிச்சைப் பிரிவில் எடுக்கும் எக்ஸ்ரேவை இரண்டு பேர் படிக்க வேண்டும் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இரவில் அடிபட்டு வருபவரின் படத்தை முதலில் பார்ப்பவர் டூட்டி டாக்டர். எலும்பு முறிவு இல்லையென்றால் ஊசி, மாத்திரை, வீட்டுக்குப் போகலாம். கதிரியக்க மருத்துவர் அதே படத்தை நிதானமாகப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது மறுநாளோ அதற்குப் பிறகோதான். டூட்டி டாக்டர் விலா எலும்பைத் தேடியிருப்பார். ரிப்போர்ட்டில் நுரையீரலில் ஒரு நிழல் என்று இருக்கும். அப்போது நோயாளி கட்டிலில் இல்லை. யாராவது தேடிப்போய்ச் சொல்ல வேண்டும்.

திருச்சியில் ஒரு மருத்துவமனையில் இந்தத் தேடுகிற வேலையைச் சில காலம் செய்தேன். சாதி எங்கெல்லாம் இருக்கிறது என்று எம்.ஏ. சமூகவியலில் பக்கம் பக்கமாக எழுதியவன்தான். ஓ.பி. சீட்டின் முகவரிக் கட்டத்தில் அது இருப்பதை இங்கேதான் பார்த்தேன். உத்திர வீதி, சித்திரை வீதிக்காரர்களுக்குக் கதவு எண், வீதிப் பெயர், மகனின் போன் நம்பர் எல்லாம் இருக்கும். கூப்பிட்டால் மாலையே வந்துவிடுவார்கள். நம் சனத்துக்கு 'காலனி, ஸ்ரீரங்கம்'. அவ்வளவுதான். எந்தக் காலனி?

அப்படி ஒரு சீட்டுக்குரியவர், ஐம்பது வயதைத் தாண்டிய ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்காக இரவு வேலை போட்டிருந்தார்கள். குப்பை வண்டியிலிருந்து விழுந்துவிட்டார். விலா முறியவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நான்கு நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டில், வலது நுரையீரலின் மேல்பகுதியில் நிழல், காசநோயா என்று பார்க்கவும் என்றிருந்தது. சீட்டில் இருந்த நம்பர் அவருடையது இல்லை, மேஸ்திரியுடையது. "என்ன விஷயம், என்ன வியாதி?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். சொன்னால் மறுநாள் அந்த அம்மாவுக்கு வேலை இருக்காது. மாத்திரை ஒன்று விட்டுப்போச்சு என்று சொல்லி வைத்தேன்.

ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்துக் காவிரியைத் தாண்டி, தெருத்தெருவாக விசாரித்து, இரண்டாம் நாள்தான் வீட்டைக் கண்டுபிடித்தேன். "அடிபட்டதுக்குத்தானே தம்பி படம் எடுத்தாங்க, நெஞ்சுல என்ன இருக்கு?" என்றார். மூன்று மாதமாக இருமலாம். குப்பைத் தூசி என்று நினைத்திருக்கிறார். இருப்பது ஒரே அறை, கூடவே இரண்டு பேரப்பிள்ளைகள். சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியானது.

இந்த விஷயத்தில் இங்கிலாந்தும் ஒன்றும் ஒழுங்கில்லை. எக்ஸ்ரேயில் எழுதப்பட்ட புற்றுநோய்ச் சந்தேகம் நோயாளியைப் போய்ச் சேராததைப் பற்றி, அங்கே மருத்துவப் பாதுகாப்பை விசாரிக்கும் அமைப்பு 2019-இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. ஆனால் அங்கே பெரும்பாலோருக்கு ஒரு குடும்ப மருத்துவர் பதிவில் இருக்கிறார். ரிப்போர்ட் போய்ச் சேர ஓர் இடமாவது உண்டு. இங்கே சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 முதல் இருக்கிறது. நல்ல திட்டம்தான். 49-ஆவது மணி நேரத்தில் வரும் ரிப்போர்ட்டை யார் கொண்டுபோய்க் கொடுப்பது? காசநோயாளி யார் என்று அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் கட்டாயம். அந்த நோயாளிக்குத் தெரிவிக்க ஆள் வேண்டாமா?

2025 ஏப்ரலில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன். அந்த இடத்தில் என்ன எழுதப் போகிறார்கள்? வெறும் 'ஸ்ரீரங்கம்' என்றா? கதவு எண், தெருப் பெயர், சொந்தக்காரர் ஒருவரின் நம்பர், இவற்றைக் கேட்டு எழுத இரண்டு நிமிடம் போதும். சீட்டு எழுதுபவரிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் அவங்களுக்கே தெரியாது சார்" என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

அந்த அம்மா இப்போது நாலாம் மாத மாத்திரையில் இருக்கிறார். பேரப்பிள்ளைகளுக்கும் பரிசோதனை எடுத்தாயிற்று. மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பணம் வாங்கித் தருவதற்கு வங்கிக் கணக்கு எண் கேட்டேன். பாஸ்புக் மேஸ்திரியிடம் இருக்கிறதாம்.