ஒரு சொட்டு ரத்தமும் ஒரு கண்ணாடித் துண்டும்



ராஜகிரிக் கோட்டையை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். என் தங்கை அந்தப் படிகளை ஓட்டமாகவே ஏறுபவள். சென்ற ஆண்டு காணும் பொங்கலன்று பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். "முடியலண்ணா" என்றாள். "சோம்பேறி!" என்று கேலி செய்தேன். அந்த வார்த்தை இன்றும் என் நெஞ்சில் முள்.

அதன்பின் விட்டு விட்டுக் காய்ச்சல். அடிபடாமலே கால்களில் நீலத் திட்டுகள். பல் துலக்கினால் ஈறில் ரத்தம். "ரத்தம் கம்மியா இருக்கும்டா, முருங்கைக்கீரை குடுத்தா சரியாப் போயிடும்" என்றார் அம்மா. கீரையிலும் காய்ச்சல் மாத்திரையிலும் மூன்று வாரம் போயிற்று.

கடைசியில் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 6.8 கிராம், 12க்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. தட்டணுக்கள் 38,000, குறைந்தது 1,50,000 வேண்டும். வெள்ளை அணுக்கள் மட்டும் 7,200. காகிதத்தில் இருந்த அளவோடு ஒப்பிட்டு, "வெள்ளை அணு நார்மல்தானே சார்?" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

லேப் டெக்னீஷியன் சொன்னார்: "தம்பி, மெஷின் எத்தனை பேர்னு எண்ணும். யார் யாருன்னு நாமதான் பார்க்கணும். ஸ்லைடு பார்த்துட்டேன். நாளைக்கே ஜிப்மருக்குப் போங்க."

அந்த மெஷின் நம் பாடத்துக்கு நெருங்கியதுதான். 1953இல் அமெரிக்காவின் வாலஸ் கூல்ட்டர் காப்புரிமை பெற்ற தத்துவம். மின்சாரம் பாயும் நுண்துளை வழியே ஓர் அணு கடக்கும்போது மின்தடை மாறும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு துடிப்பு. துடிப்பை எண்ணினால் அணுக்களின் எண்ணிக்கை.

ஸ்லைடு வேறு. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தத்தை மெல்லியதாக இழுத்து, காயவைத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே வரக் கூடாத முதிராத அணுக்கள் ரத்தத்தில் திரிந்தால் அங்கே தெரிந்துவிடும். அவற்றுக்கு 'பிளாஸ்ட்' என்று பெயர். ரத்தப் புற்றுநோயில் வெள்ளை அணுக்கள் ஏறியும் இருக்கலாம், குறைந்தும் இருக்கலாம், என் தங்கைக்கு இருந்ததுபோல் சரியான அளவிலும் இருக்கலாம்.

ஜிப்மரில் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். அதில் பிளாஸ்ட் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தீவிர ரத்தப் புற்று. பிறகு ஃப்ளோ சைட்டோமெட்ரி: ஒளிரும் சாயம் பூசிய எதிர்ப்பொருள்களை அணுக்களில் ஒட்டவைத்து, லேசர் முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, எந்த இனம் என்று கண்டுபிடிப்பது. முடிவு வந்தது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் 'ஏ.எல்.எல்.' வகை. "குணமாக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா ரெண்டு மூணு வருஷம் விடாம வரணும்" என்றார் டாக்டர். அம்மா அழவில்லை. பஸ் ஸ்டாண்டில்தான் அழுதார்.

தங்கை வாரம் ஒரு நாள் விழுங்கும் மாத்திரை மெத்தோட்ரெக்சேட். அந்த வகை மருந்தின் பின்னால் ஓர் இந்தியர் இருக்கிறார். பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் குழு உருவாக்கிய அமினோப்டெரினைக் கொடுத்தபோது ரத்தப் புற்றுள்ள குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948இல் சிட்னி ஃபார்பர் வெளியிட்டார். அதன் உறவுதான் மெத்தோட்ரெக்சேட்.

நண்பர்களே, இதை எழுதக் காரணம் ஒன்று உண்டு. தட்டணுக்களை 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், ஆட்டிக்கொண்டே, வழக்கமாக 5 நாள்தான் வைத்திருக்க முடியும். அதனால் கொடுப்பவர் வந்துகொண்டே இருக்க வேண்டும். என் வகுப்புத் தோழர்கள் ஆறு பேர் திண்டிவனம் வழியாகப் பஸ் பிடித்து வந்து கொடுத்தார்கள். "டீ வாங்கிக் குடுடா, போதும்" என்றார்கள். அந்தக் கடனை நான் எப்படித் தீர்ப்பேன்!

உங்களுக்கு 18 வயது நிறைந்து, 45 கிலோ எடையும் இருந்தால் ரத்ததானத்துக்குப் பெயர் கொடுங்கள். வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சல், காரணமில்லாத நீலத் திட்டு, ஈறில் ரத்தம் என்றால் கீரையோடு நிறுத்தாதீர்கள். ரத்தத்தை எண்ணச் சொல்லுங்கள். ஸ்லைடும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தக் காணும் பொங்கலுக்குத் தங்கை கல்யாண மகால் வரை நடந்தாள். மேலே பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் ஏறலாம்ணா" என்றாள். "ஏறலாம், மெதுவாவே ஏறலாம்" என்றேன்.

— மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை