இணை பிரிக்கும் அணுக்கள்

1911இல் லைடன் நகரில் காமர்லிங் ஓனஸ் பாதரசத்தை எடுத்துக்கொண்டதே, அதை வாலையில் வடித்து மாசு நீக்கிவிடலாம் என்பதற்காகத்தான். 4.2 கெல்வின் அருகே அதன் மின்தடை மறைந்தபோது, தூய்மைதான் காரணம் என்று நினைக்க இடமிருந்தது. ஆனால் பொன்னோ காட்மியமோ கலந்த பாதரசத்திலும் தடை மறையவே செய்தது. ஆகவே அந்நிய அணுக்கள் எல்லாவற்றையும் 'மாசு' என்ற ஒரே சொல்லுக்குள் அடைப்பது தவறு என்பேன். தடையின்றி மின்சாரம் பாயும் இந்த மீகடத்தலைத் தாங்கி நிற்பவை, கூப்பர் இணைகள் எனப்படும் எலெக்ட்ரான் சோடிகள். இணையில் ஒரு எலெக்ட்ரானின் தற்சுழற்சி மேல்நோக்கி என்றால் மற்றதனுடையது கீழ்நோக்கி. சாதாரண மாசணு இரண்டையும் ஒரே மாதிரி இடறுகிறது. பாதை மாறினாலும் இணை கலைவதில்லை. 1959இல் ஆண்டர்சன் காட்டியது இதைத்தான். காந்த அணுவுக்கோ மேல்சுழற்சி வேறு, கீழ்சுழற்சி வேறு; இரண்டையும் வெவ்வேறு விதமாகத் தள்ளி இணையை அறுத்துவிடுகிறது.

அந்த அணுவின் காந்தப் புலமே இதைச் செய்யாதா, தற்சுழற்சியை எதற்கு இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். மத்தியாஸும் சகாக்களும் 1958இல் லாந்தனத்தில் அருமண் தனிமங்களை 1 விழுக்காடு வீதம் கலந்து பார்த்தார்கள். அவற்றில் காந்தத் திருப்புத்திறன் மிகுந்தவை டிஸ்ப்ரோசியமும் ஹோல்மியமும். புலம்தான் காரணமென்றால் அவையே அதிகம் கெடுத்திருக்க வேண்டும். அதிகம் கெடுத்ததோ கடோலினியம்; தற்சுழற்சி மிகுந்தது அதுதான்.

காந்த அணுக்களை மீகடத்தியில் கலப்பதே எளிதல்ல: இண்டியத்தில் இரும்பு எளிதில் கரைவதில்லை. ஈயத்தில் கடோலினியமும் அப்படியே. ரெய்ஃபும் உல்ஃபும் 1960களில் திரவ ஹீலியத்தால் குளிர்வித்த தளத்தின் மேல் மீகடத்தி உலோகத்தையும் காந்த உலோகத்தையும் ஒருசேர ஆவியாகப் படியவைத்தார்கள். அணுக்கள் விலகிப் பிரிவதற்குள் அப்படியே உறைந்துவிடும். ஒரு மெல்லிய ஆக்சைடு அடுக்கின் ஊடே கசியும் மின்னோட்டம், படலத்தின் ஆற்றல் இடைவெளியை, அதாவது இணையை உடைக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலை, காட்டியது. இடைவெளி மூடினால் மீகடத்தலும் போய்விடும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அபிரிகோசோவும் கோர்கோவும் 1960இல் கணித்தது வேறு: மீகடத்தலை முற்றும் அழிக்கத் தேவையான காந்த மாசில் 91 விழுக்காடு சேர்ந்ததுமே இடைவெளி மூடிவிடும், தடை மட்டும் பூஜ்யமாகவே இருக்கும். இடைவெளியற்ற அந்த நிலையைப் படலங்கள் மெய்யாகவே காட்டின.

அடுக்குப் படலத்தில் காந்த அணு மீகடத்திக்குள் இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. ஈயப் படலத்தை ஒட்டி, மாங்கனீசு என்ற காந்த அணு சிறிது கலந்த செம்புப் படலம் இருந்தால், இணைகள் எல்லை தாண்டிச் செம்புக்குள் பரவுகின்றன. தூய செம்பே ஈயத்தைத் தளர்த்துமே, மாங்கனீசு மேல் பழி எதற்கு என்பார்கள். தளர்த்தும்தான். ஆனால் தூய செம்பில் இணைகள் நெடுந்தூரம் உயிரோடு இருக்கின்றன. செம்போடு சிறிது மாங்கனீசு கலந்தால் அந்தத் தூரம் சுருங்குகிறது, ஈயத்தின் நிலைமாறு வெப்பநிலை மேலும் இறங்குகிறது. ஈயப் படலம் தடித்துக்கொண்டே போனால் இந்தப் பாதிப்பு மங்கி, தனி ஈயத்தின் 7.2 கெல்வினே திரும்பிவருகிறது.