எங்கள் இல்லத்தில் இணைய வானொலி

பள்ளி ஆண்டு மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனத் தலைமையாசிரியர் கேட்டபோது, பெற்றோராகிய நாங்கள் சற்றே தயங்கினோம். மாணவச் செல்வங்களுக்கு அறிவுரை கூறும் தகுதி எங்களுக்கு உண்டோ என்னும் ஐயமே காரணம். ஆகவே எங்கள் இல்லத்திலுள்ள சிறு வானொலிப் பெட்டியைப் பற்றியும், அதனை நாளெல்லாம் கையோடு தூக்கித் திரியும் எங்கள் அன்னையாரைப் பற்றியும் எழுதத் துணிந்தோம்.

அன்னையார் பேரா மாநிலத் தோட்டமொன்றில் 34 ஆண்டுகள் பால்மரம் சீவியவர். விடியுமுன்னே பெரட்டுக்குச் சென்ற கால்கள் அவருடையவை. பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பின்னர், லயத்தை விட்டு எங்களுடன் தாமான் வீட்டிற்கு வந்து சேர்ந்தார். இப்போது கண்பார்வை மங்கிவிட்டது. தொலைக்காட்சி அவருக்கு வெறும் வெளிச்சமே. காது மட்டும் பழுதில்லை. அடுக்களையில் நாங்கள் மெல்லப் பேசுவதும் அவருக்குக் கேட்டுவிடும்!

லயத்தில் வாழ்ந்த நாளில் எங்கள் தந்தையாரிடம் ஒரு சிற்றலை வானொலி இருந்தது. மாலையில் அதனை அஞ்சடியில் வைத்தால் அண்டை வீட்டாரெல்லாம் வந்து அமர்வர். இலங்கை வானொலியும் இலண்டன் தமிழோசையும் இரைச்சலுக்கிடையே ஏறியும் இறங்கியும் ஒலிக்கும். 1941 இல் தொடங்கிய பிபிசி தமிழோசை, 2017 இல் தன் வானொலி ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. தந்தையார் அதற்கு முன்பே மறைந்துவிட்டார். அப்பெட்டியை விற்கவோ வீசவோ மனமின்றி அலமாரியின் மேல் வைத்திருக்கின்றோம்.

முன்னாளில் வானொலி ஆறு என வழங்கிய மின்னல் பண்பலை எங்கள் ஊரில் தெளிவாகவே கேட்கின்றது. ஆயினும் அன்னையார் விரும்பியது வேறொன்று. அவருடைய ஒரே தங்கை, எங்கள் சின்னம்மா, 1978 இல் மணமாகிச் சிங்கப்பூர் சென்றவர். அங்கே அவர் வீட்டில் ஒலி 96.8 காலைமுதல் இரவுவரை பாடிக்கொண்டே இருக்கும். தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "அக்கா, இன்று நம் காலத்துப் பாட்டொன்று போட்டார்கள்!" என்பார். பண்பலை நெடுந்தொலைவு செல்லாது. சிங்கப்பூர் நிலையம் ஜொகூர்ப் பகுதிக்குக் கேட்கலாம், பேராவிற்கு எட்டாது. இக்குறை தீரவே இணைய வானொலி வாங்கினோம்.

பெட்டி அரிசிப் படியளவே இருக்கும். உள்ளே பேட்டரி உண்டு. பார்ப்பதற்குப் பழைய வானொலி போன்றதே. ஆயினும் வானலையிலிருந்து நிலையத்தைப் பிடிப்பதில்லை. வீட்டு மோடத்திலிருந்து வைஃபை வழியாக இணையத்தை அடைந்து, நிலையம் அனுப்பும் ஒலியைச் சிறுசிறு துண்டுகளாகப் பெற்று, சிறிது சேமித்துக்கொண்டு பின்னர் ஒலிக்கின்றது. இணைப்பு ஓரிரு நொடி தடுமாறினாலும் பாட்டு அறுபடாதிருப்பது அச்சேமிப்பினால்தான்.

"ஏன் தம்பி, இதற்கும் மீட்டர் ஓடுகிறதா?" என்பது அன்னையாரின் முதல் கேள்வி. வினாடிக்கு 128 கிலோபிட் வேகத்தில் வரும் நிலையத்தை ஒரு மணி நேரம் கேட்டால் ஏறத்தாழ 58 மெகாபைட் செலவாகும். வீட்டு இணைப்பிற்கு அளவுக் கட்டுப்பாடு இல்லாததால் கவலையில்லை என்றோம். அவர் நம்பவில்லை. இரண்டு வாரம் வரை, பாட்டு முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு அடுத்த பாட்டிற்கு மீண்டும் திறப்பார்!

காலையில் அது பூசை அறையில். பின்னர் துணி உலர்த்தும் கொல்லையில். பிற்பகலில் அவர் கீரை ஆயும் திண்ணையில். அடுக்களையில் மட்டும் அடுப்பருகே ஊமையாகிவிடும். மோடம் கூடத்தில் இரும்பு அலமாரிக்குப் பின்னால் இருந்ததும், இடையே இரண்டு செங்கற்சுவர்கள் நின்றதுமே காரணம். மோடத்தை உயரமான மரப்பலகைக்கு மாற்றியபின் நிலைமை சீரடைந்தது. எனினும் அதற்கு முன்பே அரிசித் தொட்டியின் மேல் வைத்தால் பாடும் என்பதைக் கண்டுபிடித்தவர் அன்னையாரே. மோடத்தை இடம் மாற்ற எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது.

ஒரு விந்தையைச் சொல்லாமல் விட முடியாது. சின்னம்மாவின் வானொலியில் ஒலிப்பது எங்கள் பெட்டிக்கு அரை நிமிடம் பிந்தியே வரும். இரவு 9 மணிக்கு இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டே கேட்பர். அறிவிப்பாளர் ஏதேனும் வேடிக்கை சொன்னால் சின்னம்மா முதலில் சிரித்துவிடுவார். "அடியே, சொல்லிவிடாதே! இங்கே இன்னும் வரவில்லை!" என்று அன்னையார் கூவுவார். பிறகு இங்கே அதே வேடிக்கை வரும். அவர் சிரிப்பதைக் கேட்டுச் சின்னம்மா இரண்டாம் முறை சிரிப்பார்.

சென்ற ஆண்டு இடிமழையொன்றில் எங்கள் மோடம் எரிந்துபோயிற்று. மாற்றித் தருவதற்கு நிறுவனத்தார் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டனர். எத்தனை முறை அழைத்தோம் என்பதை எழுதினால் இம்மலரில் இடம் போதாது. அவ்வொன்பது இரவும் சின்னம்மா தம் வானொலியருகே தொலைபேசியை வைத்துவிடுவார். அன்னையார் இங்கே காதோடு ஒட்டிவைத்துக் கேட்பார். "இப்போது நாம் இருவரும் ஒரே நேரத்தில் கேட்கிறோம்" என்று சின்னம்மா சொன்னதாக அன்னையார் எங்களிடம் கூறினார்.

அதற்குப் பின் நான்கே மாதங்களில் சின்னம்மாவுக்குப் பக்கவாதம் கண்டது. உயிர் தப்பினார்; பேச்சு திரும்பவில்லை. அன்னையாரைச் சிங்கப்பூருக்கு அழைத்துச் சென்றோம். தங்கையின் கையைப் பிடித்தபடி நான்கு நாள் அமர்ந்திருந்தார். ஊர் திரும்பியபின், இரவு 9 மணிக்கு யாரிடம் பேசுவது என்று அறியாமல் வானொலியைத் திறக்காமலே ஒரு வாரம் கழித்தார். நாங்களும் திறவுங்கள் என்று சொல்லவில்லை. சொல்ல நா எழவில்லை.

பிறகு ஒரு நாள் சின்னம்மாவின் மகளே அழைத்தார். அம்மாவின் கட்டிலருகே வானொலியை வைத்திருப்பதாகவும், தொலைபேசியை அதனருகே வைக்கட்டுமா என்றும் கேட்டார். அன்று முதல் இரவுதோறும் அன்னையார் தம் பெட்டியை எடுத்துக்கொண்டு திண்ணைக்குச் செல்கின்றார். தொலைபேசியைப் பிடித்துக்கொள்வது இப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு பயிலும் எங்கள் மகளின் வேலை. பாட்டு முதலில் தொலைபேசியில் சிறிதாகக் கேட்கும். அரை நிமிடம் கழித்து எங்கள் பெட்டியில் பெரிதாக வரும். வேடிக்கை வரும்போது அன்னையார் முந்திச் சிரிப்பதில்லை. தம் பெட்டியில் அது வரும்வரை காத்திருந்து, பின்னர் தொலைபேசியின் பக்கம் முகத்தைத் திருப்பி, மறுமுனைக்குக் கேட்கும்படி உரக்கச் சிரிக்கின்றார். சில இரவுகளில் அங்கிருந்து ஒரு மெல்லிய ஒலி வருவதாக எங்கள் மகள் சொல்கின்றாள்.